முதல் பிறந்தநாளும் ஒரு புகைப்படமும்

ஓராண்டு நிறையும் குழந்தையின் முன்னே ஒரு கேக்கை வைத்து, அதைக் குழந்தை தன் இரு கைகளாலும் பிய்த்துக் குழப்பி முகத்திலும் மார்பிலும் பூசிக்கொள்வதைப் படம் பிடிக்கும் வழக்கம் ஒன்று, அமெரிக்க நாட்டில் பரவி, கடல் கடந்து, நம் திருச்சி மாநகருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ‘கேக் ஸ்மாஷ்’ என்று இளந்தம்பதியர் இதனை அழைக்கின்றனர். இதற்கென்றே வண்ணத் திரையும் பலூன் தோரணமும் சிறு குளியல் தொட்டியும் வைத்துக் காத்திருக்கும் ஸ்டூடியோக்கள் காவிரிக்கு இக்கரையிலும் உண்டு, அக்கரையில் திருவரங்கத்திலும் உண்டு.

நம் மகனும் மருமகளும் இதுபற்றி முதன்முதல் நம்மிடம் கூறியபோது நாம் முகம் சுளித்தோம் என்பதை மறைப்பானேன்? உண்ணும் பொருளைச் சிதைப்பதா, அதற்குப் பணமும் கொடுப்பதா என்று கேட்டோம். மருமகள் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தன் கைப்பேசியை எடுத்து வந்து, ஒரு படத்தை நம் முன் நீட்டினாள்.

அது நாம் ஏற்கெனவே அறிந்த படந்தான். குறித்த நாளுக்கு எட்டு வாரம் முன்னதாக, 32ஆம் வாரத்தில், 1,480 கிராம் எடையோடு பிறந்த நம் பேத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். மூக்கில் குழாய்; வாயில் குழாய்; இரண்டையும் அசையாமல் நிறுத்த இரு கன்னங்களிலும் பிளாஸ்திரி. மே மாதக் கடைசியில் பிறந்தவள், 26 நாட்கள் அப்பெட்டியிலேயே இருந்தாள்.

“மாமா, இவள் முகம் முழுசாகத் தெரிகிற படம் முதல் மாதத்தில் ஒன்றுகூட இல்லை. குழாய் இல்லாமல், பிளாஸ்திரி இல்லாமல், முகத்தில் இனிப்பு மட்டும் ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு படம் எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.”

இதற்குப் பின் நாம் வாய் திறக்கவில்லை.

அந்த 26 நாட்களில் மூன்றாம் இரவை நம் குடும்பத்தில் எவரும் மறப்பதற்கில்லை. குழந்தை மூச்சுவிடத் திணறுகிறாள், விடியும்வரை எதுவும் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் கூறிச் சென்றார். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாயால் படுக்கையை விட்டு எழ இயலவில்லை. இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர் நம் துணைவியாரைக் கைகழுவச் சொல்லி, மேலங்கி அணிவித்து, இரண்டு நிமிடம் உள்ளே அழைத்துப் போனார். ஊசிக்குழலில் சுத்திகரித்த நீர் கொஞ்சம் தந்தார். அதை அந்தச் சின்னஞ்சிறு நெற்றியின் மேல் மும்முறை வார்த்து, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் நம் துணைவியாரே திருமுழுக்கு அளித்தார். உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில், திருச்சபையின் கருத்தோடு செய்யும் எவரும் இவ்வாறு திருமுழுக்கு அளிக்கலாம் என்பதை மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அது நம் வீட்டிலேயே தேவைப்படும் என்று எண்ணியவர் யார்? பின்னர் குழந்தை தேறி வீட்டுக்கு வந்து, நான்காம் மாதத்தில் பங்குக் கோவிலில் கிறிஸ்மா எண்ணெய் பூசுதல், வெண்ணாடை, எரியும் திரி ஆகிய எஞ்சிய சடங்குகள் நிறைவேறின. நீர் வார்ப்பதை மட்டும் பங்குத்தந்தை மீண்டும் செய்யவில்லை. “பாட்டி செய்தது முழுமையான திருமுழுக்கு” என்றார்.

முதல் பிறந்தநாளுக்கு மற்ற பிறந்தநாட்களுக்கு இல்லாத ஒரு பொருள் உண்டு. 1971ஆம் ஆண்டில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். எட்டுக்கு ஒன்று என்று கொள்ளலாம். 2020இல் அது 28ஆகவும், தமிழ்நாட்டில் 13ஆகவும் குறைந்தது. நம் தாய்மார் காலத்தில் தொட்டில்கள் பல பாதியில் வெறுமையாயின. ஆகவே ஓராண்டு கடந்த பிள்ளையைக் கொண்டாடியதில் ஆடம்பரத்தைவிட ஆறுதலே மிகுதி. திருவரங்கத்து வைணவ இல்லங்களில் குழந்தை பிறந்த நட்சத்திரம் பார்த்து ஆண்டு நிறைவு நடத்தி, நீண்ட ஆயுளுக்கென்று வேள்வி செய்கின்றனர். கொரிய நாட்டார் முதல் பிறந்தநாளில் குழந்தையின் முன் நூல், எழுதுகோல், பணம் முதலியவற்றைப் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்க்கின்றனர். நூலை எடுத்தால் நெடுநாள் வாழும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாமோ வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்குகிறோம், காது குத்துகிறோம், நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். தொடக்க நூலின் 21ஆம் அதிகாரத்தில், ஈசாக்கு பால்மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து வைத்ததாகப் படிக்கிறோம். தாய்ப்பாலை விட்டுத் தானே உண்ணத் தொடங்கிய பிள்ளை இனிப் பிழைத்துக்கொள்ளும் என்ற நிம்மதி அந்த விருந்தில் இருந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் குழந்தையின் முன் உணவை வைத்துக் களிப்பது அமெரிக்காவில் தோன்றிய புதுமையே அன்று.

ஆனால் அதற்குக் குழந்தையை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பதில்தான் நாம் முதலில் முற்றிலும் தவறினோம்.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே படம் எடுத்துவிட வேண்டும் என்று மே மாத மூன்றாம் வாரத்தில், திருவரங்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் நேரம் குறித்தார்கள். கிடைத்தது நண்பகல் பன்னிரண்டரை மணி. பாலக்கரையிலிருந்து புறப்பட்டு, மெயின்கார்டு கேட் நெரிசலில் நின்று, சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி, காவிரிப் பாலத்தைக் கடந்து மாம்பழச்சாலையை அடைவதற்குள் குழந்தை உறங்கிவிட்டாள். அது அவளுடைய பகல் உறக்க நேரம். அக்கினி நட்சத்திர வெயிலில் மடியில் வைத்திருந்த கேக்கின் கிரீமும் இளகி, மேலே எழுதியிருந்த பெயர் பாதி வழிந்துவிட்டது. ஸ்டூடியோவில் குழந்தையை எழுப்பி, புதிய சட்டை மாட்டி, குளிரூட்டிய அறையில் இறக்கினோம். உரத்த பாட்டு, அறிமுகமில்லாத மூன்று முகங்கள், மின்னும் விளக்கு. அவள் கேக்கைப் பார்க்கவே இல்லை. தாயையே பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். புகைப்படக்காரத் தம்பி நல்ல பிள்ளைதான். அன்று அவருக்கு நமக்குப் பின் இன்னும் இரு குழந்தைகள் இருந்தன. “கையைப் பிடித்து கேக்கில் அமுக்குங்கள் சார், பழகிவிடும்” என்று நம் மகனிடம் சொன்னார். மகனும் அமுக்கினான். பின்பு விரலால் கொஞ்சம் கிரீமை எடுத்து அவள் கன்னத்தில் தடவினான்.

அதன்பின் அவள் அழுத அழுகையை நாம் எழுத விரும்பவில்லை. கன்னத்தை இரு கைகளாலும் பிறாண்டினாள். பிளாஸ்திரியைப் பிய்ப்பது போலவே பிறாண்டினாள். மருமகள் அவளை வாரி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, “போதும் தம்பி, விட்டுவிடுங்கள்” என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள். காரில் எவரும் பேசவில்லை. கேக்கை நம் மகன் மட்டும் தின்றான். மறுநாள் பூசைக்குப் போகும்வரை அவன் நாக்கு இளஞ்சிவப்பாகவே இருந்தது.

அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் கூறியவை இரண்டு. முதலாவது, குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். இதைத் திருத்திய வயது என்கிறார்கள். நம் பேத்தி நாட்காட்டியின்படி ஒரு வயதை எட்டுகிறாள். வளர்ச்சியின்படி பத்து மாதக் குழந்தை. ஒரு வயதுப் பிள்ளை செய்வதை அவளிடம் எதிர்பார்த்தது நம் பிழை. இரண்டாண்டுகள்வரை இவ்வாறு கணக்கிடுவதே முறை. இரண்டாவது, குழாயும் பிளாஸ்திரியும் நெடுநாள் பட்ட முகங்களில் சில, வாயருகே எதைக் கொண்டுபோனாலும் மிரளும். உண்ணவே மறுக்கும் குழந்தைகளும் உண்டு. வற்புறுத்தினால் அச்சம் வளரும். விளையாட்டாக விட்டால் குறையும்.

“அவசரம் என்ன? ஜூலை கடைசியில் எடுங்கள்” என்றார் மருத்துவர்.

பிறந்திருக்க வேண்டிய நாள் ஜூலைக் கடைசி வாரம். நம் துணைவியார் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். ஜூலை 26 புனிதர் சுவக்கின், அன்னம்மாள் திருநாள். அன்னை மரியாவின் பெற்றோர், இயேசுவுக்குப் பாட்டனும் பாட்டியும். “அன்றைக்கே வைத்துக்கொள்வோம்” என்றார். பிறந்தநாளன்று மேலப்புதூர்ப் பேராலயத்தில் பூசை கண்டு வந்தோம். படத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

இந்த இரண்டு மாதத்தில் நாம் கற்றவையே, இதே ஆசையோடு இருக்கும் மற்றப் பெற்றோருக்குப் பயன்படக்கூடும்.

பிள்ளையைப் பழக்குவதென்றால் கேக்குக்குப் பழக்குவதன்று. கையை அழுக்காக்கிக்கொள்ளப் பழக்குவது. நாம் நாள்தோறும் ‘தொடாதே, சீ, கை அசிங்கம்’ என்று சொல்லித் துடைத்துக்கொண்டே இருக்கிறோம். ஓராண்டு முழுதும் அப்படித் துடைக்கப்பட்ட பிள்ளையை ஒருநாள் திடீரென்று கேக்கின் முன் உட்கார வைத்து ‘பூசிக்கொள்’ என்றால் அது என்ன செய்யும்? மருமகள் தரையில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு, அகன்ற தட்டில் குழையப் பிசைந்த பருப்புச் சோற்றை வைத்தாள். முதல் வாரம் பிள்ளை தட்டைத் தள்ளினாள். இரண்டாம் வாரம் ஒரு விரலை வைத்து உடனே எடுத்தாள். எவரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. நம் துணைவியார் எதிரே அமர்ந்து தம் விரலைச் சோற்றில் தோய்த்துத் தம் மூக்கின் மேல் வைத்துக்கொண்டார். அதற்கு அவள் சிரித்தாள். பின்பு தயிர், பின்பு மசித்த வாழைப்பழம். கையிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தாடை என்று அது மெல்ல ஏறியது. கன்னத்தில் பட்டதும் அழுத நாட்களும் நடுவே வந்தன. அன்று அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

புறநானூற்றின் 188ஆம் பாட்டில், பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்யிட்ட சோற்றை மேனியெல்லாம் சிதறிக்கொள்ளும் பிள்ளையைக் காட்டி, அத்தகைய பிள்ளை இல்லாதார் வாழ்வில் பயனென்ன என்று கேட்கிறான். வள்ளுவரும், பிள்ளை கைவிட்டுக் குழப்பிய உணவைப் பெற்றோருக்கு அமிழ்தினும் இனியதாகச் சொன்னார். அமெரிக்க வழக்கம் என்று நாம் முகம் சுளித்தபோது, நம் வீட்டுப் புத்தக அடுக்கிலேயே இவை இரண்டும் இருந்தன என்பதை எண்ணி வெட்கினோம்.

இனி உணவின் செய்தி. இதில் விளையாட்டில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குச் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்கள் வேண்டாம் என்கிறது. கடைக் கேக்கின் கிரீமில் சர்க்கரை மிகுந்திருப்பது இயல்பு. ஒருநாள் ஒரு விரல் நக்குவதால் கேடு விளைந்துவிடாது என்பார்கள், உண்மைதான். ஆனால் நிறம்? 2024 பிப்ரவரியில், பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்ததால் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்ததை வாசகர் அறிவர். அதே ஆண்டில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்த 235 கேக் மாதிரிகளில் 12இல் செயற்கை நிறமிகள் கேடு தரும் அளவில் இருந்தன. நம் மகனின் நாக்கு நினைவுக்கு வந்தது. கடையில் வாங்குவதாயின் நிறமில்லாத வெண்மையோ, பாலாடை நிறமோ கேட்டு வாங்குவது நல்லது.

தேன் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது தேன் தடவுவதை முதியோர் பலர் இன்னும் விடவில்லை. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து முளைத்து நஞ்சை உண்டாக்கிக் கைகால்களைத் தளர்த்திவிடும். வேகவைத்தாலும் அவ்வித்து சாவதில்லை. படங்கள் பெரும்பாலும் பிறந்தநாளுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே எடுக்கப்படுகின்றன. அன்று குழந்தைக்கு ஓராண்டு நிறைந்திருப்பதில்லை என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகின்றனர்.

முட்டை, பசும்பால், கோதுமை, நிலக்கடலை, முந்திரி ஆகியவை சில குழந்தைகளுக்கு ஒவ்வாதவை. ஒரே கேக்கில் இவை அத்தனையும் இருக்கலாம். ஆகவே படத்துக்குச் சில வாரம் முன்பே ஒவ்வொன்றையும் தனித்தனியே, வெவ்வேறு நாளில், காலையில், சிறிதளவு கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இரவில் கொடுத்துவிட்டு உறங்கப் போகக் கூடாது. தடிப்பு எழுந்தால் மருத்துவரிடம் காட்டுக. உதடோ நாக்கோ வீங்கி மூச்சு இரைத்தால், ஒரு கணமும் தாமதியாமல் 108ஐ அழைக்க வேண்டும். கடலையையும் முந்திரியையும் முழுதாகவோ உடைத்தோ தரலாகாது. அரைத்துக் கலந்ததாகவே இருக்க வேண்டும்.

நம் வீட்டில் செய்த கேக்கு இது. திருச்சிக்கும் வாழைக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டுமோ? தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993 முதல் நம் ஊரில்தான் இருக்கிறது. நன்கு கனிந்த பூவன் பழம் மூன்றை மசித்து, ஒரு முட்டை, வெந்நீரில் ஊறவைத்து அரைத்த நான்கு பேரீச்சம்பழம், உருக்கிய வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, கோதுமை மாவு அரைக் கிண்ணம், கேழ்வரகு மாவு இரண்டு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி சேர்த்துக் கலக்கி, வெண்ணெய் தடவிய சிறு கிண்ணத்தில் ஊற்றி இட்லிப் பானையில் 25 நிமிடம் அவித்தார் நம் துணைவியார். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாத பதம். மேற்பூச்சுக்கு, கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுதும் குளிர்ப்பெட்டிக்குள் வடியவிட்டது. வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெக்கையில் விடிவதற்குள் புளித்துவிடும். பாதித் தயிரில் அவித்த பீட்ரூட்டின் சாறு அரைக் கரண்டி விட, மருமகள் ஆசைப்பட்ட இளஞ்சிவப்பும் கிடைத்தது.

கேக்கு உள்ளங்கை அகலமே இருந்தது. சில ஸ்டூடியோக்களில் இரண்டு கிலோ கேக்கைச் சிதைத்துவிட்டுக் குப்பையில் கொட்டுவதாகக் கேள்விப்படுகிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று மக்களைச் சந்தித்தபோது, வீசியெறியும் உணவு ஏழையின் மேசையிலிருந்து திருடியதற்கு ஒப்பாகும் என்ற கருத்தைக் கூறினார். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவரே எஞ்சிய துண்டுகளைச் சேகரிக்கச் சொன்னார். பிள்ளையின் இரு கைக்குள் அடங்குகிற கேக்கு போதும். விருந்தினருக்கு உரியதைத் தனியே செய்து முழுதாக வைத்துக்கொள்ளலாம்.

அலங்காரப் பொருள்களைப் பற்றி இரண்டு வார்த்தை. கேக்கின் மேல் பதிக்கும் வெள்ளி மணிகள், உள்ளே தாங்கலாகச் செருகும் பல்குச்சிகள், தெர்மோகோல் உருண்டைகள், வெடித்த பலூனின் துண்டுகள் ஆகிய யாவும் ஒரு வயதுப் பிள்ளையின் தொண்டையை அடைக்கும் அளவுள்ளவை. படத்துக்கு முன் ஒருவர் தம் விரலால் அந்த இடம் முழுதையும் தடவிப் பார்த்துவிடுதல் நன்று. பூவாணம் போல் சிதறும் மெழுகுவத்தியைக் குழந்தையின் அருகே கொளுத்தலாகாது. பலூனை வாயாலோ கைப்பம்பாலோ ஊதுங்கள். 2022 அக்டோபரில், பண்டிகைக் காலக் கூட்டத்தின் நடுவே, நம் கோட்டைவாசல் பகுதியில் பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் வெடித்து வழிப்போக்கர் ஒருவர் உயிரிழந்ததை நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

நாளையும் நேரத்தையும் குழந்தையின் உறக்கமே குறிக்க வேண்டும். காலை உறக்கம் முடிந்து, அரை வயிற்றுப் பசியோடு இருக்கும் நேரம் சிறந்தது. தடுப்பூசி போட்ட நாட்களை ஒட்டி வேண்டாம். தட்டம்மைத் தடுப்பூசிக்குப்பின் ஒரு வாரம் கழித்தும் காய்ச்சல் காணலாம். எட்டு மாதம் முதல் பிள்ளைகள் வேற்று முகம் கண்டு அஞ்சுவது இயற்கை. படம் பிடிப்பவர் முதலில் கருவியை எடுக்காமல் சற்று நேரம் உட்கார்ந்திருக்க ஒப்புகிறாரா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். துடைக்க வெதுவெதுப்பான நீர் ஆயத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பசை பட்ட குழந்தை கையிலிருந்து வழுக்கும் என்பதால், தொட்டியருகே ஒருவரின் கை எப்போதும் இருக்க வேண்டும். அந்தத் தொட்டியில் எடுக்கும் ஆடையில்லாப் படங்களை வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புவது நமக்கு உடன்பாடில்லை. பிள்ளை நாளை பதினைந்து வயதுப் பெண்ணாவாள். அப்படம் யார் கையில் இருக்கும் என்று எவரால் சொல்ல முடியும்? ஸ்டூடியோவும் தன் விளம்பரத்தில் போடக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

அதே தம்பியைத்தான் மீண்டும் அழைத்தோம். மருமகள் அவரிடம் கைப்பேசிப் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஜூலை 26 அன்று, விளக்குகள் ஏதுமின்றி ஒரே ஒரு கருவியோடு, பாலக்கரையில் உள்ள நம் வீட்டுக்கே காலை ஒன்பதரைக்கு வந்தார். திருநாள் பூசைக்குப் போய்வந்து குழந்தை உறங்கிக்கொண்டிருந்தாள். “எழட்டும் ஐயா, நான் இருக்கிறேன்” என்று தாழ்வாரத்துத் தரையில் அமர்ந்து நம்மோடு காப்பி குடித்தார். எழுந்த பின்னும் அரைமணி நேரம் அவர் கருவியைத் தொடவில்லை. ஒரு தேங்காய் ஓட்டைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவளும் தவழ்ந்து போய் அதை உருட்டினாள்.

பழைய விரிப்பு, பழைய தட்டு. முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில், வேர்வை ஒட்டாத பருத்திச் சட்டையோடு அவளை உட்கார வைத்தோம். முன்பு சாய்ந்து சாய்ந்து விழுந்தவள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு மாதம் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. கேக்கை வைத்துவிட்டு எல்லாரும் விலகினோம். அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். தம்பி தரையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தார். ஒரு விரல், பின்பு முழுக் கை. கேக்கு இரண்டாகப் பிளந்தது. தயிரை வாயில் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், மீண்டும் வைத்தாள். கன்னத்தில் இளஞ்சிவப்பு ஒட்டியது. மருமகளின் மூச்சு நின்றது நமக்குத் தெரிந்தது. குழந்தை கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையைப் பார்த்தாள். பின் அக்கையாலேயே கேக்கை ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

நம் துணைவியார் எதிரே இருந்தவர், வழக்கம்போல் தம் மூக்கை முன்னே நீட்டினார். அவள் ஒரு பிடி கேக்கை அள்ளிப் பாட்டியின் நெற்றியில் அப்பினாள்.

தம்பி நாற்பது படங்களுக்கு மேல் கொடுத்தார். மருமகள் ஒன்றை மட்டும் அச்சிட்டுச் சட்டமிட்டு, வீட்டுப் பீடத்தில் சகாய மாதா படத்தின் கீழே வைத்திருக்கிறாள். மருத்துவமனையில் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப்பட்டை, ஒரு விரல் அகலத்துக்குச் சுருண்டு, அந்தச் சட்டத்தின் மூலையில் தொங்குகிறது. படத்தில் குழந்தையின் முகம் சற்றுக் கலங்கித்தான் விழுந்திருக்கிறது, அவள் அசைந்துவிட்டாள். பாட்டியின் நெற்றியில் உள்ள தயிர் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.